பூட்ஸுக்கு வைத்த பொட்டு

அப்பா யார் காலடியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிள்ளானில் ஒரு சப்பாத்துக் கடையில் அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு லேசில் அடங்கவில்லை.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அக்கா பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி நல்ல தேர்ச்சியும் பெற்றிருந்தாள். லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, முதுகு போய் வேலையை விட்டிருந்த சமயம். பல்கலைக்கழகம் போக அவள் ஆறாம் படிவம் படிக்கும் பேச்சு ஒரு நாள் எழுந்தது, அன்றைக்கே அடங்கிவிட்டது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் இனிமேல் அவளுக்கு என்றார்கள். என் கண்ணுக்கு அது பட்டாபிஷேகமாகத்தான் தெரிந்தது.

மோட்டார் போதாதென்று பூட்ஸ் வேறு! எனக்குப் பள்ளிச் சப்பாத்து எப்படி வரும் தெரியுமா? அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவார். நான் இல்லாமலேயே ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வருவார். முனையில் பஞ்சைத் திணித்துக்கொண்டு நான் நடக்க வேண்டியதுதான். அக்காவுக்கோ அப்பாவே வந்தார். முதுகு வலிக்காரர், கடைத் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு பூட்ஸின் முனையையும் கட்டைவிரலால் அழுத்தினார். அடியை வளைத்துப் பார்த்தார். கணுக்கால் எலும்பு மூடுகிறதா என்று தடவிப் பார்த்தார். கயிறு வைத்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார்.

"கயிறு அவுந்து கியர்ல மாட்டுச்சுன்னா அப்புறம் தெரியும் சேதி. ஜிப் வெச்சது இருக்கா அண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

இருந்தது. அதை மாட்டிவிட்டு, அக்காவை வெளியே கூட்டிப்போய் மோட்டாரில் உட்காரவைத்துக் கியர் மாற்றச் சொன்னார். "ரொம்ப மொத்தமா இருக்குப்பா, கால்ல கியரே தெரியல" என்றாள் அவள். திரும்ப உள்ளே, திரும்ப மண்டி. இத்தனைக்கும் அவள் முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. கொடுத்துவைத்தவள் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்!

"எனக்கும் வேணும்பா" என்றேன்.

"நீ என்ன மோட்டாரா ஓட்டப் போற? சும்மா இரு லா."

அதே மோட்டாரின் புகைக்குழாய் சுட்டு என் கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது. சுட்ட அன்றைக்குப் பற்பசையைத் தடவிவிட்டு, ஒழுங்காக ஏறத் தெரியாதா என்று திட்டியதோடு சரி. என் காலுக்காக யாரும் கடை ஏறவில்லை.

கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டுச் சாமி மேடையில் புத்தகங்களையும் அடுக்குவோம். முந்தின வருஷம்வரை அக்காவின் தடித்தடிப் புத்தகங்கள் அடியில் இருக்கும், என்னுடையவை மேலே. அந்த வருஷம் மேடை முழுக்க என்னுடையவை மட்டுமே. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. என் கண்ணெல்லாம் வாசலில் இருந்தது. அப்பா மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஹெல்மெட்டுக்கு வைத்தார். பிறகு மெல்லக் குனிந்து, இரண்டு பூட்ஸின் முனையிலும் வைத்தார்.

அம்மா பதறிப்போனார். "ஐயோ, சப்பாத்துக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? சாமி குத்தமாயிடும்ங்க!"

"தலைக்குப் போடுறதுக்கு வெச்சேன், காலுக்குப் போடுறதுக்கும் வெச்சேன். புள்ள முழுசா வீடு வந்து சேரணும்ல?"

அம்மா கற்பூரத் தட்டை எடுக்க உள்ளே போனார். நான் ஓடிப்போய் என் வெள்ளைச் சப்பாத்தைக் கொண்டுவந்து பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உனக்குத்தான் புத்தகத்துக்கு வெச்சாச்சே. இத எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பூஜை நடக்கிற வீடு என்றுகூடப் பார்க்காமல் தரையில் உருண்டு அழுதேன்.

அக்காதான் வந்து தூக்கினாள். வாசற்படியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, என் சப்பாத்தை மடியில் வைத்து, அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"மாத்திக்கலாமா? நீ பூட்ஸ எடுத்துக்க. நான் இதப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"பேச்சு மாறக் கூடாது!"

"மாற மாட்டேன் லா" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்ஸுக்குள் காலை விட்டேன், பாதிக் கெண்டைக்கால்வரை வந்தது. தொம் தொம்மென்று வீடு முழுக்க நடந்தேன். இவ்வளவு நல்ல பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் பழைய சப்பாத்தை வாங்கிக்கொள்கிறாளே, இவளா நல்ல தேர்ச்சி பெற்றாள் என்று உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

மறுநாள் மோட்டார் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். அக்கா பூட்ஸோடு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். என் சப்பாத்து, புதிதாக வெள்ளை அடித்து, படியில் காய்ந்துகொண்டிருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அவளோடு தீபாவளிவரைக்கும் நான் பேசவே இல்லை.