இடப்பக்க மட்கார்ட்

நிக்கலஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிவப்பு வொல்வோவின் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். டென்மார்க்கின் ஓல்போர்க் துறைமுகத்துக்குப் பக்கத்து மீன் தொழிற்சாலை; காலை இடைவேளை. மற்றவர்களெல்லாம் கோப்பியும் பாணுமாக உள்ளே சூட்டில் குந்தியிருக்க, இந்த மனிதர் ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து, தரித்து நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போவார். சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் தோற்றுப்போவார்கள்.

வொல்வோவின் சொந்தக்காரி, மேற்பார்வை பார்க்கிற டேனிஷ்காரி, ஓடி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். நிக்கலஸ் பதறவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷில், இந்தக் கதவு அடிபட்டு மாற்றின கதவு என்றார். இல்லவே இல்லை என்றாள் அவள். "புருசனைக் கேள்" என்றார் இவர். அந்த வாரம் அவள் வீட்டில் சமையல் நடக்கவில்லை என்று கேள்வி.

"கண் பொய் சொல்லும் அண்ணை," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "இது சொல்லாது."

அந்தக் கைக்கு அவர் தரும் மரியாதையே தனி. காரைத் தொடுமுன் கையைக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொள்வார். மனிதருக்குக் கை கொடுக்குமுன் துடைத்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. நாற்பது வயது, நறுக்கின மீசை, சட்டைப் பையில் ஒரு சீப்பு, வாய் ஓய்கிறதே இல்லை. தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மன்னார்க்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, மீன் வாடை வேண்டாமென்று யாழ்ப்பாணத்துக்கு ஓடிப்போய் ஒரு கராஜில் அடிபட்ட கார்த் தகரத்தில் நெளிவெடுக்கிற வேலை பழகியவர். "மன்னாரிலை மீனுக்குத் தப்பி ஓடினன். டென்மார்க்கிலை வந்து மீனிட்டைப் பிடிபட்டுப் போனன்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பக்கத்து மேசையில் மீன் வெட்டும் மனைவி மேரிசெலினுக்கு அந்தப் பகிடி சலித்துப் போய்விட்டது. "சிரியுங்கோ, சிரியுங்கோ. பிறகு வீட்டை வந்து சவர்க்காரத்தோட சண்டை பிடியுங்கோ," என்பாள்.

எழுபதுகளில் இலங்கைக்கு உதிரிப்பாகம் வருவது அருமை. ஓர் ஒஸ்டின் கேம்பிறிட்ஜ் கார் பனையில் மோதினால், புது மட்கார்ட் வாங்கக் கடை கிடையாது. தகரத்தை வெட்டி, கட்டையில் வைத்து அடித்து, மட்கார்ட்டைப் பிறப்பிக்க வேண்டும். நிக்கலஸ் வேலை பழகியது அப்படி. அதனால் டென்மார்க்கில் கராஜ்களைப் பார்க்க அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "கழட்டுறாங்கள், பூட்டுறாங்கள். ஒருத்தன் சுத்தியல் தூக்கிறானே? இதுக்குப் பேர் வேலையே!"

நாட்டில் கலவரம் வருமுன்பே இங்கு வந்து குடியேறிவிட்ட சபாரத்தினத்திடம் மட்டும்தான் நம்மவர்களில் அப்போது ஓடத்தக்க ஒரு கார் இருந்தது. மஞ்சள் ஒப்பல் கடெற். பனிக்காலத்தில் அது வழுக்கிப் போய்க் கம்பத்தோடு மோதி, இடப்பக்க மட்கார்ட் கசங்கிவிட்டது. புதிது வாங்கப் போனவரை நிக்கலஸ் வழிமறித்தார். "எனக்கு உயிர் இருக்கேக்கை நீங்கள் கடைக்குப் போறதோ?" குடியிருப்பின் சைக்கிள் கொட்டிலில் இரண்டு சனிக்கிழமை தொக்குத் தொக்கென்று அடித்தார். அயலட்டை டேனிஷ்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அடித்து முடிந்ததும் ஒரு நெளிவு, ஒரு சுருக்கம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, மட்கார்ட் தளதளவென்று இருந்தது.

அந்த மட்கார்ட்டைப் பார்த்துத்தான் பிரெபென் வந்தான். ஊருக்கு வெளியே சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிற டேனிஷ்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப்பந்தயம் ஓடுகிறவன். சரளை தோண்டிக் கைவிட்ட கிடங்கு ஒன்றில் உள்ளூர்க் கழகம் நடத்தும் பந்தயம் அது. கார்கள் உள்ளே ஆசனம், கண்ணாடி எல்லாம் உரிக்கப்பட்டு இரும்புக் கூடு பூட்டியிருக்கும். வெளியே மட்டும் தெருவில் ஓடுகிற காரின் அதே உருவம் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. கடெற் வைத்திருக்கிறவன் வந்து கடெற்றுக்குக் கைதட்ட வேண்டும், எஸ்கோர்ட் வைத்திருக்கிறவன் எஸ்கோர்ட்டுக்குக் கத்த வேண்டும்; அதில்தான் கூட்டம் சேருகிறது. ஆனால் காற்றை ஏமாற்றக் காரின் மூக்கைத் தாழ்த்துபவர்களும், அகல ரயர்ச் சில்லுப் பூட்ட மட்கார்ட்டைப் புடைக்க வைப்பவர்களும் இருக்கத்தானே செய்வார்கள். அப்படிச் செய்து செய்து, சில கார்கள் தம் பெயருள்ள காருக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஆகிவிட்டன. ஆகையால் கழகம் ஸ்வென் என்ற கிழவரைப் பரிசோதகராக வைத்திருந்தது. ஒவ்வொரு வகைக் காருக்கும் அதன் வளைவுப்படி வெட்டின ஒட்டுப்பலகை அவரிடம் இருக்கும். பலகையை மட்கார்ட்டில் வைத்துப் பார்ப்பார். படிந்தால் ஓடலாம். படியாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பிரெபெனின் பந்தயக் காரும் கடெற்தான். போன ஓட்டத்தில் அதன் இடப்பக்க மட்கார்ட் கிழிந்து போயிருந்தது. சபாரத்தினத்தை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பிரெபென் கேட்டான்: இதை அடித்துத் தருவாயா? ஸ்வெனின் பலகை படிந்தால், திங்கட்கிழமையிலிருந்து என் கராஜில் வேலைக்கு வா.

அன்றிரவு நிக்கலஸ் வெறுங்கையாலேயே மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். மீன் மேசையை விட்டு மறுபடி சுத்தியல் பிடிக்கலாம். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் அவர் வாய்விட்டுச் சொல்லாமல் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். மேரிசெலின் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

"உருவம் பிழைச்சால் எல்லாம் போச்சு. கார்க் கடைக்குப் போய்ப் புதுக் கடெற் ஒண்டைப் பாத்து அளவெடுங்கோவன்," என்றாள்.

"புதுக் கார் ஏன்? சபாரத்தினம் அண்ணையின்ரை கடெற் கீழை நிக்குது. அதே வருசம், அதே கார்."

"அதின்ரை அந்தப் பக்கம் நீங்கள் அடிச்சதெல்லோ?"

"அதுதான் சொல்லுறன். என்ரை கையால வந்தது. பிழைக்குமே?"

இந்தப் பேச்சுக்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை. மஞ்சள் கடெற்றின் இடப்பக்க மட்கார்ட்டில் காட்போர்ட் மட்டையை வைத்து, வளைவைக் கீறி, வெட்டி எடுத்தார். அந்த மட்டைப்படி பந்தயக் காருக்கு மட்கார்ட் அடித்தார். பூட்டின பிறகு கண்ணை மூடித் தடவினார். மஞ்சள் காரையும் தடவினார். இரட்டைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் தடவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்தக் கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் அவரைப் பிடிக்க முடியவில்லை. "திங்கட்கிழமை என்ரை கத்தியை நீ எடு," என்று பக்கத்தில் நின்றவனுக்குத் தானம்கூடப் பண்ணிவிட்டார்.

ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு, மேரிசெலினையும் ஏற்றிக்கொண்டு சபாரத்தினத்தின் காரில் மூவரும் பந்தயத்துக்குப் போனார்கள். வைகாசி மாதத்து வெயில். ஆனாலும் காற்றில் குளிர் விட்டபாடில்லை. சொசேஜ் விற்கிற வண்டி, வெறும் முதுகோடு வெயில் காயும் டேனிஷ்காரர்கள், பெற்றோல் மணம். நிக்கலஸ் பூசைக்குப் போட்ட கோட்டோடு, தலை வாரி, மாப்பிள்ளை போல நின்றார்.

ஸ்வென் வந்தார். பலகையை எடுத்து இடப்பக்க மட்கார்ட்டில் வைத்தார். நடுவில் முட்டி, இரு முனையும் தூக்கிக்கொண்டு நின்றது பலகை. மறுபடி வைத்தார். மறுபடியும் அப்படியே. சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சோக்கட்டியை எடுத்து, முட்டின இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பிரெபெனைப் பார்த்து என்னவோ சொன்னார். பிரெபெனின் முகம் கறுத்தது.

"என்னவாம் அண்ணை?"

சபாரத்தினம் மென்று விழுங்கினார். "மட்கார்ட் புடைச்சிருக்காம். பெரிய சில்லுப் பூட்டக் களவாய்ச் செய்த வேலையாம். பிரெபெனை இந்த வருசம் முழுக்க ஓட விடமாட்டினமாம்."

"களவோ! ஆருக்குச் சொல்லுறார் களவெண்டு?" நிக்கலசுக்கு மீசை துடித்தது. "பலகைதான் பிழை. மழையிலை நனைஞ்சு கோணிப்போச்சு. தெருவிலை ஓடுற கார் மாதிரியெல்லோ வேணும்? தெருவிலை ஓடுற காரைக் கொண்டாந்து விடுறன். வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ!"

மேரிசெலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "வாயைக் குறையுங்கோ."

"நீ விடு. சபாரத்தினம் அண்ணை, காரைக் கொண்டு வாங்கோ!"

மஞ்சள் கடெற் வந்து பந்தயக் காருக்குப் பக்கத்தில் நின்றது. சொசேஜ் கையுமாகக் கூட்டம் கூடிவிட்டது. ஸ்வென் பலகையை எடுத்து, சபாரத்தினத்தின் காரின் இடப்பக்க மட்கார்ட்டில் வைத்தார்.

நடுவில் முட்டி, இரு முனையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியளோ! பாத்தியளோ!" நிக்கலஸ் கூட்டத்தைச் சுற்றி ஒரு வெற்றி வலம் வந்தார். "நம்பர் தகடு போட்ட கார்! அரசாங்கத்துக்கு வரி கட்டின கார்! பலகைதான் பிழை!"

ஸ்வென் அவசரப்படாத மனிதர். அந்தக் காரிலும் சிவப்புக் கோடு ஒன்று போட்டார். பிறகு மறுபக்கம் நடந்து போய், பலகையைத் திருப்பிப் பிடித்து, அதே காரின் வலப்பக்க மட்கார்ட்டில் வைத்தார். சட்டிக்கு அதன் மூடியை வைத்தது போலப் படிந்தது. ஒரு நூல்கூட உள்ளே போகாது.

நிக்கலஸ் முன்னால் போனார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை இடப்பக்கத்திலும் மற்றக் கை வலப்பக்கத்திலுமாக, முன்மூடியான பொனற்றின் மேல் முழுசாகக் கவிழ்ந்து தடவினார். இவ்வளவு நாளும் அவர் அந்தக் காரின் இரு பக்கத்தையும் ஒன்றாகத் தடவிப் பார்த்ததில்லை. இடப்பக்கம் சதைப்பிடிப்பாய், உருண்டு, வழிந்து இறங்கியது. அந்த வளைவு அவருக்கு நன்றாகத் தெரிந்த வளைவு. கடெற்றை அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கை தன் பாட்டுக்கு யாழ்ப்பாணத்து ஒஸ்டின் கேம்பிறிட்ஜை அடித்து வைத்திருக்கிறது!

அவருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. காதுமடல் இரண்டும் நெருப்பாய் எரிந்தன. இத்தனை சனத்துக்கு முன்னால், தானே கூப்பிட்டு, தானே காட்டி, தன் மூக்கைத் தானே உடைத்துக்கொண்டாரே. அதைவிட, தன்னை நம்பி வந்த பிரெபென் கள்ளனென்று பெயர் வாங்கப் போகிறானே என்பது நெஞ்சில் இடித்தது. எழும்பினார்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றார், சபாரத்தினத்தின் பக்கம் பாராமலே. "களவு இல்லை, பிழை எண்டு சொல்லுங்கோ. இந்த மட்கார்ட்டும் நான் அடிச்சது. இதைப் பாத்துத்தான் அதை அடிச்சனான். பிரெபெனுக்கு ஒண்டும் தெரியாது."

சபாரத்தினம் சொல்லச் சொல்ல, ஸ்வெனின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அவர், பிறகு பிரெபென், பிறகு சொசேஜ் வண்டிக்காரன் வரைக்கும் சிரித்தார்கள். பந்தயக் கார் தெருக் காரை அச்சொட்டாய் உரித்து வைத்திருக்கிறது. தெருக் கார்தான் தன்னைப் போல இல்லை! இப்படி ஒரு வழக்கைத் தான் கண்டதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார் ஸ்வென். களவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டம் தொடங்குமுன் பலகை படிய வேண்டும்.

நிக்கலஸ் கோட்டைக் கழற்றி மேரிசெலினிடம் எறிந்தார். பிரெபெனின் பெட்டியிலிருந்து சுத்தியல், இரும்புக் கட்டை, வாயு விளக்கு. புடைத்த தகரத்தை வெறுமனே அடித்தால் அது இன்னும் விரியும். சூடாக்கி, சிவந்து வரும்போது ஈரத்துணியால் ஒற்றி, சுருங்க வைத்துத்தான் அடக்க வேண்டும். துணிக்கு எங்கே போவது? மேரிசெலின் பூசைக்குக் கட்டி வந்த தலைத்துணியை அவிழ்த்து, வாளியில் தோய்த்து நீட்டினாள். சூடு, ஒற்று, தட்டு. சூடு, ஒற்று, தட்டு. இந்த முறை அவர் கண்ணை மூடவேயில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு ஸ்வெனைப் பார்த்து, "பலகை!" என்றார். கிழவரும் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் வைத்தார். கடைசியில் பலகை மட்கார்ட்டோடு ஒட்டி நின்றது. ஸ்வென் தன் கையாலேயே பந்தயக் காரில் மிச்சமிருந்த சிவப்புக் கோட்டை அழித்துவிட்டார்.

பிரெபென் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காருக்குள் ஏறுமுன் திரும்பி ஏதோ சொன்னான். மேரிசெலினுக்கு அந்த அளவு டேனிஷ் விளங்கும். "திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்காம்," என்றாள். "வளைவு பாக்கிற பலகையைத் தானே தாறானாம்."

"யா, யா," என்றார் நிக்கலஸ். மீசையைச் சீப்பால் வாரிக்கொண்டார்.

ஓட்டம் தொடங்கி, கிடங்கு முழுக்கப் புழுதியும் சத்தமுமாய் எழுந்தது. மேரிசெலின் வேலியோரம் போய்விட்டாள். சபாரத்தினம் மட்டும் தன் மஞ்சள் காருக்குப் பக்கத்தில் நின்று, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்தது, இப்போது கண்ணைக் குத்தியது.

"நிக்கலஸ், விளக்கு இன்னும் சூடாய்த்தானே இருக்கு. என்ரையையும் ஒருக்காத் தட்டிச் சரிக்கட்டி விடுமன்."

நிக்கலஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். மட்கார்ட்டின் முன்னால் குந்தினார். கையைக் காற்சட்டையில் துடைத்து, அந்த ஒஸ்டின் வளைவின் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒருமுறை தடவினார். பிறகு சுத்தியலைப் புல்லில் வைத்துவிட்டு, பெருவிரலை எச்சில் தொட்டு, ஸ்வென் போட்ட சிவப்புக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து அழித்தார்.