தலை முன்னால்

நான். என் மனைவி. அவள் அம்மா. அவள் அண்ணன். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். அன்று காலை படி இறங்கியது நாங்கள்தான். ஐந்து பேர் நடந்தோம். அவள் டோலியில்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், ஆடி மாதம். ஜீப் வரும் பாதை மழையில் போய்விட்டது. மலையிலிருந்து செங்கம் பக்கம் இறங்கக் கல் படி உண்டு. ராஜா போட்டது என்பார்கள். எந்த ராஜா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் புளியும் சாமையும் அதில்தான் தலைச்சுமையாக இறங்கும்.

முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. தங்கவில்லை. இந்தத் தடவை ஆஸ்பத்திரி என்று அவளே சொல்லிவிட்டாள். விடிந்ததும் வலி எடுத்தது. மூங்கிலில் கம்பளியைக் கட்டிப் படுக்க வைத்தோம். தலை முன்னால். எங்கள் ஊரில் பிணத்தைத்தான் கால் முன்னால் போக எடுப்போம்.

சமதரையில் அது சரி. இறக்கத்தில் முன்னால் போகிறவன் கீழ்ப்படியில் நிற்பான். தலை தாழ்ந்துவிடும். யாரும் அதை நினைக்கவில்லை. அவள் அண்ணன் நெட்டை. அவனை முன்னால் விட்டுப் பார்த்தோம். படி செங்குத்து. பிரயோஜனம் இல்லை.

"இன்னாடி இந்தக் கனம் கனக்கிற? களி மொத்தமும் நீயே துன்னியா?" என்றான் அவன்.

"நீ ஆக்கிப் போட்டியா?" என்றாள்.

கொஞ்ச தூரம் போவதற்குள் ரத்தம் தலைக்கு இறங்கி அவள் முகம் சிவந்து வீங்கிவிட்டது. வாந்தி எடுத்தாள். இறக்கி வைத்தோம்.

"திருப்பித் தூக்கலாம்" என்றேன்.

"வேணாங்க மருமவனே. காலு முன்னால போனா பொணம்." அத்தை மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். முதல் பிள்ளையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தது அந்தக் கைதான். நான் மூங்கிலிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"நடந்தே வர்றேம்மா. நடக்கிற பொணத்த எங்கனா பாத்துருக்கியா?"

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் ஒரு படி கீழே நின்றேன். என் தோளைப் பிடித்து இறங்கினாள். வலி வந்தால் படியிலேயே உட்காருவாள். முதுகைத் தேய்த்துவிடுவேன். வலியை மறக்கப் படியை எண்ணத் தொடங்கினாள். அவளுக்கு நூறு வரைக்கும்தான் தெரியும். எனக்கு அப்போது விரல் கணக்குதான்.

"நூறு ஆச்சுன்னா ஒரு விரல மடக்கு மாமா. பிரிச்சிடாத."

ஒரு கையால் அவளைத் தாங்கினேன். இன்னொரு கையில் விரலைப் பிரிக்கவில்லை.

அடிவாரத்தில் மாட்டுவண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. சத்தமாக அழுதது. அத்தை அதன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நர்சம்மா என்னை உள்ளே விட்டார்.

"எத்தினி விரலு மாமா?"

"மூணு."

"அதுக்கு மேல நாப்பத்தொண்ணு."

முந்நூற்று நாற்பத்தொன்று.