கண்ணாயிரம் பெண் பார்க்கப் போன ஆம்னி

எங்கள் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரத்தின் ஆம்னி வண்டியில் போய்த்தான் வடக்கனந்தலில் பாதிப் பேர் பெண் பார்த்தார்கள். மற்ற நாட்களில் அவர் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஆட்களை ஏற்றிப் போவார். இறங்கும்போது புளி மூட்டையோடு வருவார். அதனால் அந்த வண்டியில் எப்போது ஏறினாலும் நாக்கில் எச்சில் ஊறும்.

அவருடைய அப்பா கரும்பு வெட்டப் போனவர். கண்ணாயிரமும் மீசை முளைக்குமுன் கரும்பு லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். டிரைவர் தூங்கும்போது ஓட்டிப் பழகியதாகச் சொல்வார். அப்போது லாரி நின்றுகொண்டிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா என்று மட்டும் சொல்ல மாட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிடித்தது, பிடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, "வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுவார்கள். கதவைச் சாத்தியதும்தான் வாய் திறக்கும். முதல் வளைவு வருவதற்குள் கண்ணாயிரத்துக்கு முடிவு தெரிந்துவிடும். "உள்ள பேசறதெல்லாம் பேச்சே இல்ல. கதவ சாத்தினப்புறம் பேசறாங்க பாரு, அதான் பேச்சு" என்பார்.

ஊருக்கெல்லாம் முடிவு கேட்டவருக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அவருடைய அக்கா தங்கமணி. அம்மா செத்த பிறகு தம்பியை வளர்த்தவள். தம்பிக்குப் பார்த்த பெண்களில் ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. சரியான உயரத்தில் இருந்தவளுக்கு நடை சரியில்லை. மகாலட்சுமியே வந்து நின்றிருந்தாலும், "இன்னாடி இது, தாமரையில உக்காந்துகினு சேறா இருக்கு" என்று தங்கமணி சொல்லியிருப்பாள். அந்த மகாலட்சுமித் தாயார் என்னை மன்னிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு கண்ணாயிரம் ஒரு குடும்பத்தை மணலூர்பேட்டைக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண்ணின் பெயர் ஜெயம்மாள். துணி தைக்கிறவள். மற்ற பெண் வீடுகளில் டிரைவருக்குத் தட்டு அனுப்ப யாருக்கும் ஞாபகம் வராது. அந்த வீட்டில் மட்டும் ஜெயம்மாளே பட்டுப்புடவையோடு வண்டிக்கு வந்து, "அண்ணன்னு கூப்பிடலாம்னு பாத்தேன், மூஞ்சி அப்படி இல்ல. இந்தாங்க, சாப்பிடுங்க" என்று கேசரியை நீட்டினாளாம். வந்தவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவேயில்லை. கண்ணாயிரம் ஒரு வருஷம் பொறுத்திருந்து, அந்தச் சம்பந்தம் நிச்சயமாக நின்றுபோனது என்று தெரிந்துகொண்டு, அக்காவிடம் வாயைத் திறந்தார். அவர் தானாகக் கேட்ட ஒரே பெண் அவள்தான்.

போன ஆவணியில் கிளம்பினார்கள். கண்ணாயிரம், தங்கமணி, அவள் புருஷன் வீரமணி. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று நாலாவதாக என்னை ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு வேறு எந்தத் தகுதியும் கிடையாது.

கிளம்புமுன் மாரியம்மன் கோயில் வாசலில் தங்கமணி வண்டிக்குப் பூஜை போட்டாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்கு விபூதிப் பட்டை. அதோடு விட்டிருந்தால் அம்மனுக்கும் வண்டிக்கும் நல்லது.

மணலூர்பேட்டையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. வண்டியை வெயிலில் நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினோம். ஜெயம்மாளின் அப்பா முனியன் பாயைத் தட்டிப் போட்டார். ஜெயம்மாள் காபி கொண்டுவந்தாள். கண்ணாயிரத்தைப் பார்த்ததும், "இந்தத் தடவ உள்ளயே வந்துட்டீங்களா?" என்றாள். கண்ணாயிரம் காபியைச் சட்டைமேல் ஊற்றிக்கொண்டார். தங்கமணி கேசரியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு எழுந்து, "வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்றாள். முனியன் முகம் அப்படியே இறங்கிப்போனது. அந்த வார்த்தையை அவர் நிறையக் கேட்டிருக்கிறார்.

வண்டியில் ஏறினோம். கதவைச் சாத்தினோம். கண்ணாயிரம் சாவியைப் போட்டார். உள்ளே போனது. திரும்பவில்லை.

தங்கமணிக்குக் கதவுச் சத்தம் கேட்டால் போதும். "பொண்ணு நெறம் கம்மி, வாய் ஜாஸ்தி" என்று ஆரம்பித்துவிட்டாள். "கேசரியில நெய்யக் கண்லயே காட்டல."

"ஆமா, காட்டல" என்றார் வீரமணி. அவர் தங்கமணிக்கு ஆமா போடுவதற்கென்றே பிறந்தவர்.

"அக்கா" என்றார் கண்ணாயிரம், திரும்பாமல். "வண்டி இன்னும் கெளம்பல."

"அதுக்கு நான் இன்னாடா பண்ணட்டும்? வயசும் ஜாஸ்திதான். கழுத்தப் பாத்தா தெரியுது."

"அக்கா. கண்ணாடி தொறந்துகினு இருக்கு."

தங்கமணி அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வாசல்படி. அதில் ஜெயம்மாள் வழியனுப்ப நின்றுகொண்டிருந்தாள். தங்கமணி சிரித்தாள். சாமி சன்னிதியில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கண்ணாயிரத்தின் கழுத்தில் வியர்வை ஓடியது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் செய்கிற வழக்கமான வைத்தியத்தைச் செய்தார். ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே சாவியை மெல்லத் திருப்பினார். அசையவில்லை. முரட்டுத்தனமாகத் திருப்பவும் முடியாது. சாவி ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். மாற்றுச் சாவி வடக்கனந்தலில், தங்கமணியின் டிரங்குப் பெட்டியில்.

தெருவே கூடிவிட்டது.

"பேட்டரி போயிருக்கும்ங்க."

"பேட்டரி போனா சாவி ஏன்யா திரும்பாது? சாவிய கையாலதான திருப்பறாரு?"

"தள்ளிப் பாக்கலாமா?"

"ஸ்டியரிங் பூட்டிக்கினு இருக்கு. தள்ளினா நேரா சாக்கடைதான்."

"இன்னா தம்பி, ஏதாவது கோளாறா?" என்று முனியன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

தங்கமணிக்குத் தப்பிக்க வழி கிடைத்தது. குரலைத் தாழ்த்தி, "கெளம்பும்போதே தடங்கல். சகுனம் சரியில்லடா. சாமியே வேணாம்னு சொல்லுது" என்றாள்.

நெட்டை, குட்டைக்காவது பதில் சொல்லலாம். சாமி சொன்னது என்று தங்கமணி ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டால் யார் பதில் சொல்வது? கண்ணாயிரம் கடைசிவரை மற்றவர்களுக்கே கதவு திறந்துவிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கண்ணாயிரம் சாவியை உருவி, துண்டில் துடைத்தார். துண்டில் மஞ்சளாக ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"அக்கா, காலையில சாவிய இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? பூஜ பண்ணேன். சந்தனக் கிண்ணத்துல நல்லா முக்கி அம்மன் பாதத்துல வச்சி எடுத்தாந்தேன். வண்டிக்கு உசுரே சாவிதான?"

காலையில் ஈரமாக இருந்த சந்தனம் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. மத்தியான வெயிலில் பூட்டுக்குள்ளேயே காய்ந்து இறுகிவிட்டது. சாமிக்கு நெற்றி இருக்கிறது, சந்தனம் வைக்கலாம். சாவிக்கு இருப்பது பல். பிள்ளையார் எலிமேல் போகிறார், முருகன் மயில்மேல் போகிறார். சாவி போடுகிற வண்டியில் ஒரு சாமியும் ஏறவில்லை. பக்தர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

"சாமி ஒண்ணும் சொல்லலக்கா" என்றார் கண்ணாயிரம். "நீதான் அதோட வாய அடச்சிட்ட."

தெருவே சிரித்தது. ஜெயம்மாள் உள்ளே போய், ஊசி மூக்கு வைத்த எண்ணெய் டப்பாவும் ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வெட்டுத் துணியும் எடுத்து வந்தாள். "மெஷினுக்கு விடற எண்ண. மெல்லிசா இருக்கும். விட்டுப் பாருங்க."

கண்ணாயிரம் பூட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். சாவியை நுழைப்பார், உருவுவார், துடைப்பார். ஒவ்வொரு தடவையும் சந்தனச் சேறு வந்தது. ஜாக்கெட் துணியெல்லாம் கோயில் வாசனை அடித்தது.

ஜெயம்மாள் ஜன்னலோரம் நின்றுகொண்டு கேட்டாள். "போன வருஷம் வந்தவங்க இந்த வண்டியிலதான வந்தாங்க. போம்போது என்னப் பத்தி இன்னா பேசினாங்க?"

"டிரைவரு அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க."

"சரி வுடுங்க. இந்தத் தடவ நானே கேட்டுட்டேன். அக்கா முடிவு தெரிஞ்சிபோச்சி. மாப்பிள்ள இன்னா சொல்றாரு?"

"அது வந்தும்மா, வூட்டுக்குப் போயி..." என்று தங்கமணி ஆரம்பித்தாள்.

சாவி திரும்பியது. வண்டி உறுமியது. "அப்பாடா, கெளப்புடா" என்றாள் தங்கமணி. முனியன் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கண்ணாயிரம் அவரைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"டேய், டேய்! அணைக்காதடா! மறுபடியும் திரும்பலன்னா?"

"திரும்பலன்னா இங்கியே இருந்துக்கறேன்." கதவைத் திறந்து இறங்கினார். "மாமா, சொல்லி அனுப்ப எங்கிட்ட ஆள் இல்ல. எனக்குப் புடிச்சிருக்கு. நானே சொல்லிட்டேன்."

முனியன் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார். ஜெயம்மாள்தான் பேசினாள். "எனக்கும்தான். ஆனா ஒண்ணு, அக்கா வண்டியில ஏறினா மொதல்ல கண்ணாடிய சாத்தச் சொல்லுங்க."

தங்கமணி ஜன்னலில் தலையை நீட்டி, "கேசரி இன்னும் இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா, இருக்குதா?" என்றார் வீரமணி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் தங்கமணி சந்தனக் கிண்ணத்தோடு ஆம்னியைச் சுற்றி வருகிறாள். கண்ணாடி, ஸ்டியரிங், நம்பர் பலகை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறாள். பூஜை முடிகிறவரை சாவி ஜெயம்மாளின் இடுப்பில் இருக்கும்.