பின் சீட்டு மாப்பிள்ளை

பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை, ஓர் ஓட்டை ஸ்கூட்டர், வாடகை வீடு, ஒரு மனைவி, அந்த மனைவிக்கு ஓர் அப்பா. நம் ஆளின் சொத்து பத்து அவ்வளவுதான். அந்த அப்பா வாய் நிறைய "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவார். அதைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், மாடியில் குடியிருந்த வாண்டுகள் வரை எல்லோருக்கும் நம் ஆள் மாப்பிள்ளை ஆகிவிட்டார். நமக்கு மட்டும் எதற்கு வேறு பெயர்?

வம்பு பதவி உயர்வில் ஆரம்பித்தது. துணை மேலாளர் ஆனதும் அதிகாரிகள் வண்டி நிறுத்தும் இடத்தில் அவருக்கும் வெள்ளைக் கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கினார்கள். இரண்டு பக்கமும் பளபளவென்று கார்கள், நடுவில் அவருடைய ஸ்கூட்டர். ஒருநாள் பக்கத்துக் காரிலிருந்து இறங்கிய விற்பனை மேலாளர், "என்னப்பா, கார எங்க விட்டுட்டு இந்தக் குட்டிய மட்டும் கட்டி வெச்சிருக்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இழுத்து மூடிய ஹோட்டல் ஒன்றில் பழைய பம்புகளை விற்கிறார்கள் என்று பார்க்கப் போனபோதுதான் அந்தக் கார் கண்ணில் பட்டது. கறுப்பு நிறம், வெளிநாட்டு வண்டி, ஒரு காலத்தில் பெரிய மனிதர்களை ஏற்றி இறக்கியது. இப்போது நாலு சக்கரமும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. கூரை மேல் ஒரு கூடைச் சருகு, கண்ணாடி முழுக்கப் பறவை எச்சம். மாப்பிள்ளை சும்மா கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். தொப்பென்று கனமாக ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் மனுஷன் விழுந்துவிட்டார். ஹோட்டல்காரரும் தொல்லை விட்டால் போதும் என்று ஒரு ஸ்கூட்டர் விலைக்கே தள்ளிவிட்டார்.

கட்டி இழுத்து வந்த காரை வாசலில் பார்த்ததும் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இது ஓடுமாங்க?"

"ஓட வெக்கணும்."

"யாரு?"

இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. லைசென்ஸ் இருந்தது, அதை வாங்கிய நாளோடு கார் ஓட்டுவதும் முடிந்துபோயிருந்தது. பதில் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது. வாழ்நாள் எல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்திருந்த மாமனார் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளை, இது ராஜா வண்டி! எங்கிட்ட விடுங்க. நாலே மாசத்துல பறக்கும்" என்றார்.

நாலு மாதம் எட்டு மாதம் ஆனது, பறக்கவில்லை. ஆனால் உருண்டது. மாமனாருக்கு லாரி தெரியும், இந்த மாதிரி வண்டி தெரியாது. அதை ஒப்புக்கொள்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி வேறு எந்தெந்த வண்டியின் சாமானையோ கொண்டுவந்து ராவி ராவிப் பொருத்தினார். ஜன்னல் கண்ணாடிப் பித்தானை அழுத்தினால் துடைப்பான் ஆடியது. ஹாரன் செத்துப்போயிருந்ததால் ஒரு லாரி ஹாரனை மாட்டிவிட்டார். அதை முதல் தடவை அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெயின்ட் அடிக்கக் காசில்லை, அப்பாவும் பெண்ணும் பழைய பனியனில் மெழுகு தடவி வாரக்கணக்கில் தேய்த்தார்கள். தோல் சீட்டின் வெடிப்புகளில் ஷூ பாலிஷைப் பூசியது மாப்பிள்ளையின் பங்கு.

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் எலிகள் குடும்பமே நடத்தியிருந்தன. கடித்து வைத்த ஒயர்களைச் சரிசெய்ய மாமனார் அந்தச் சீட்டை அப்படியே கழற்றித் திண்டாடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. ஊருக்கு வெளியே இருந்த அவருடைய தோட்ட வீட்டில் அதிகாரிகளுக்கு மதிய விருந்து.

"கார்லதான் போறோம்" என்றார் மாமனார், வெளியே எடுத்த சீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு. "நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி ஜம்முனு உக்காந்து வாங்க."

அப்பா வெளியே போய் எவ்வளவு நாளாயிற்று என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். வெள்ளை முழுக்கால் சட்டையும் வெள்ளைச் சட்டையும் புதிதாக எடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுத்தாள். முகச் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, வெள்ளைவெளேரென்று மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் எப்படித் தெரிவார் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்ட வீட்டு வாசலில் காவலாளிக்குத் தோன்றிவிட்டது. வண்டியைக் கண்டதும் விசில் ஊதி, ஓடிவந்து பின் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. படியிலேயே நின்றிருந்த முதலாளி காரை மேலும் கீழும் பார்த்தார்.

"அடேங்கப்பா! இந்த மாடல இன்னும் ஓட்டுறாங்களா? டிரைவர் வேற போட்டிருக்கீங்க போல!"

பக்கத்தில் விற்பனை மேலாளர் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். குட்டியைக் கட்டி வைத்திருப்பதாகக் கிண்டல் செய்த அதே வாய்.

"ஆமா சார்" என்றார் மாப்பிள்ளை.

இரண்டே சொல். சொல்லி முடிப்பதற்குள் முதலாளி தோளில் கைபோட்டு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். "வண்டிய ஓரமா விட்டுட்டுப் பின்பக்கம் போய்ச் சாப்பிடச் சொல்லுப்பா" என்று காவலாளிக்கு உத்தரவு போனது. மாமனாருக்கு எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. கண்ணாடியைத் தட்டிய காவலாளியைப் பார்த்து அவர் தலையாட்டிச் சிரித்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

உள்ளே என்னென்னவோ பரிமாறினார்கள். மாப்பிள்ளைக்கு எல்லாம் மண்ணாக இருந்தது. 'பொய் சொல்லலையே, அவர் டிரைவர்தானே, காலமெல்லாம் டிரைவர்தானே' என்று தனக்குள் வாதாடிப் பார்த்தார். அந்த வாதம் அவருக்கே கேவலமாக இருந்தது. எழுந்து பின்பக்கம் போய், "வாங்க மாமா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தால் முடிந்தது. போகத்தான் நினைத்தார். ஒவ்வொரு தடவை நாற்காலியைப் பின்னால் நகர்த்தும்போதும் யாராவது காரைப் பற்றி ஏதாவது கேட்டார்கள், அவரும் நகர்த்திய நாற்காலியிலேயே உட்கார்ந்து பதில் சொன்னார்.

கிளம்பும் நேரம். எல்லோரும் படியில் நிற்க, கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாளியின் டிரைவர், கட்டை மீசைக்காரர், சிரிப்பை அடக்க முடியாமல் மாப்பிள்ளையிடம் வந்தார்.

"சார், உங்க டிரைவர் சரியான ஆளு சார். சாப்பிடுற எடத்துல எங்களையெல்லாம் ஒக்கார வெச்சு, நீங்க அவரோட மாப்பிள்ளைன்னு ஒரே பீத்தல்! ஒரே பொண்ணாம், உங்களுக்குத்தான் குடுத்திருக்காராம். நாங்க நம்பலன்னதும் வேணும்னா கேட்டுப் பாருங்கன்றாரு!"

"அப்படியா?" என்று முதலாளியும் சிரித்தார். விற்பனை மேலாளரும் சிரித்தார். மாமனார் காரிலிருந்து இறங்கி, பின் கதவுப் பிடியில் கைவைத்து, முகமெல்லாம் பல்லாக, 'சொல்லுங்க மாப்பிள்ளை' என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தார். வெளியே வந்தது ஒரு சிரிப்பு. மற்றவர்கள் சிரித்த அதே சிரிப்பு.

மாமனார் முகத்தில் இருந்த பல் மெல்ல மறைந்தது. ஒரு கணம் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மீசைக்காரரிடம் திரும்பி, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்பா. பொழுது போகணுமில்ல" என்றார். கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க சார்."

மாப்பிள்ளை ஏறினார். அப்போதுகூட ஏறினார், அதுதான் அவமானம். பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அது எங்கே பிளக்கிறது? வழி நெடுக முன்னால் தெரிந்த நரைத்த பிடரியைப் பார்க்க முடியாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தொண்டையைச் செருமி, "மாமா..." என்று ஆரம்பித்தார்.

"மேட்டுல ஏறும்போது ஒரு இழுப்பு இழுக்குது கவனிச்சீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், திரும்பாமல். "எண்ணெய மாத்திப் பாக்கணும்." அதற்குமேல் வீடு வரும்வரை எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "என்னப்பா, எல்லாரும் காரப் பாத்து என்ன சொன்னாங்க?" என்று பறந்தாள்.

மாமனார் தண்ணீரைக் குடித்து முடித்தார். "என்ன சொல்லுவாங்க? அசந்துட்டாங்க. முதலாளியே படி எறங்கி வந்துட்டார்னா பாரேன். உன் புருஷன் என்னக் கையோட கூட்டிட்டுப் போய் எல்லார்கிட்டயும் காட்டுறார். 'இவருதான் எங்க மாமனார், வண்டிக்கு உசுரு குடுத்ததே இவருதான்'ங்கறார். எனக்குக் கூச்சமாப் போச்சு. முதலாளி பக்கத்துலயே எனக்கும் எல போட்டாங்க."

அவர் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கியது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை. அவள் அவரைக் கும்பிடாத குறை. திருடிய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு பாராட்டு வாங்குவதுபோல் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி ஒரு நொடிகூடத் தாங்காது.

"அப்படி எதுவும் நடக்கல" என்றார். "இவரு சொல்றது எதுவும் நடக்கல. நான் இவர டிரைவர்னு சொல்லிட்டேன். அங்க எல்லாரும் இவரப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

சொன்னதும் நெஞ்சு லேசானது உண்மை. மாமனாரின் முகத்தைப் பார்க்கும்வரை லேசாக இருந்தது. தோட்ட வீட்டுப் படியில், அத்தனை பேர் நடுவில்கூட அந்த முகம் இப்படிச் சுருங்கவில்லை.

"எதுக்கு மாப்பிள்ளை இவகிட்டச் சொன்னீங்க?"

"மாமா, மனசு கேக்கல..."

"உங்களுக்குக் கேக்கல, சரி." மாமனார் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "அங்க இருந்தவங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாது. நாளைக்கு அவங்க மூஞ்சிகூட ஞாபகம் இருக்காது. ஆயுசுக்கும் லாரி ஓட்டினவன் நான். எத்தனையோ பேரு எத்தனையோ பேசியிருக்காங்க, கையும் நீட்டியிருக்காங்க. அதுல ஒண்ணக்கூட நான் இவ இருக்குற வீட்டுக்குள்ள கொண்டு வந்ததில்ல. நீங்க கொண்டு வந்துட்டீங்களே."

மனைவி அழுவாள், கத்துவாள், தன்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று மாப்பிள்ளை காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் காலி டம்ளரை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். டம்ளரைக் கழுவினாள், கவிழ்த்தாள், மறுபடி எடுத்துக் கழுவினாள். திரும்பிப் பார்ப்பாளா என்று மாமனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.