பலராமனின் எதிர்ப்பு சக்தி

கொரோனா ஊரடங்கில் ஊரே சுருண்டு கிடந்தபோது பென்னலூர் பலராமன் மட்டும் ஊதிக்கொண்டே போனான். கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஆபரேட்டர். கம்பெனியை மூடியதும் வீட்டுக்குள் உட்கார்ந்தவன் வாசற்படி தாண்டவில்லை. எதிர்ப்பு சக்தி வேண்டுமாம். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, விடிந்ததும் தேன் ஊற்றிய இஞ்சிக் கஷாயம், பிறகு முட்டை, கேன்டீனில் டீ கொடுக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழம், ராத்திரியில் ஆட்டுக்கால் சூப் என்று தின்று தீர்த்தான்.

அத்தனையையும் தேடி வாங்கி வந்தவள் அவன் மனைவி செந்தாமரை. ரேஷன் வரிசையில் நின்றதும் அவள்தான், கறிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டதும் அவள்தான். கிருமி அவளைத் தொடாது என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அவள் ஒரு முட்டையை எடுத்தால், "நான் வேலைக்குப் போற ஆளு" என்பான். அப்போது அந்தத் தெருவில் ஒருத்தனும் வேலைக்குப் போகவில்லை. மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டு எழுவாள். எழும்போது கண் இருட்டும். அவன் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டாமா என்று நினைத்தாள்.

கம்பெனி திறந்தது. வேலைக்கு எடுக்கும் முன் செய்த ரத்தப் பரிசோதனையில் அவனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கம். குறைத்துக்கொண்டு வேறு ரிப்போர்ட் கொண்டு வா, இல்லையென்றால் லைனில் வேறு ஆளைப் போடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்தியம் இருப்பதெல்லாம் அவனால் ஆகிற காரியமா? ஓரகடத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த நண்பன் சாம்சனைப் பிடித்தான். ரத்தம் செந்தாமரையுடையது, பெயர் பலராமனுடையது என்று இருவரும் பேசி முடித்தார்கள். கடைத்தெருவுக்கு அனுப்பியதுபோல் ஊசிக்கும் அவளைத்தான் முன்னால் தள்ளினான், வெட்கம் கெட்டவன். வேலை போனால் அடுப்பு எரியாது என்று அவளும் கையை நீட்டினாள்.

கம்பெனி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவன் தொப்பையைப் பார்த்தார், மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனால் உடம்பில் பாதி ரத்தம்தான் ஓடுகிறது, மெஷினில் நின்றால் மயங்கி விழுவாய் என்றார். வீட்டில் உனக்குச் சோறே போடுவதில்லையா என்றும் கேட்டார். ரத்தம் ஊற தினமும் முட்டை, கீரை, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் தின்றுவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தான். "ஒடம்புல ரத்தமே இல்லாம இன்னாடி பண்ணிகினு இருந்த? என் வேலைக்கே வேட்டு வெச்சிட்டியே."

குதித்து என்ன பயன்? அடுத்த மாதமும் அவள் ரத்தம்தானே போக வேண்டும். கறிக்கடைக்கு அவனே போய்ச் சுவரொட்டி வாங்கி வந்தான். அவள் மிளகு போட்டு வறுத்து, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றாள். முட்டையும் அவளுக்கே. அவன் எதிரில் உட்கார்ந்து எச்சில் விழுங்கினான். நாளாக ஆகக் கண் இருட்டுவது நின்றது. மாடிப்படியை அவள் மூச்சு வாங்காமல் ஏறினாள்.

பரிசோதனைக்குப் போகவேண்டிய காலையில் அவன் பைக்கை எடுத்து நிறுத்திவிட்டு, சாம்சன் காத்திருக்கிறான், கிளம்பு என்றான். செந்தாமரை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"இது என் ரத்தம்யா. ஒன்னுது வேணும்னா நீயே போய்க் குடு."