சீனியை விரட்டிய வீட்டில் ஜிம்மிக்காகச் சீனி தேடிய கதை

நேற்று முன்தினம் மதியம் என் கையால் ஒரு உயிர் போயிருக்கும்!

(நீங்கள் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியதை எல்லாம் நானே மொத்தமாகப் பட்டுவிட்டேன்.)

எனக்குச் சுகர் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் டாக்டர் முறைத்த முறைப்பில், வீட்டிலிருந்த சீனி டப்பாவை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

"வெள்ளை வெசம் ஆச்சி இது! எங்க வீட்டுல இனி ஒரு குருணை கிடையாது!"

"வெசத்த எனக்குக் குடுக்குறீகளாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி வைத்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் சைலிட்டால் என்று ஒரு பாக்கெட் அனுப்பியிருந்தார். பார்வைக்குச் சீனி. நாக்கில் வைத்தாலும் சீனிதான், கொஞ்சம் ஜில்லென்று இருக்கும். சீனி ஒரு தம்ளர் என்றால் இதுவும் ஒரு தம்ளர். இந்தக் கணக்குக்கு நான் படித்த எட்டாம் வகுப்பே அதிகம்!

வீட்டம்மா நாச்சியாபுரத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். சமையல்கட்டு என் ராஜ்யம்.

குக்கரில் மணலைக் கொட்டி, விசிலைக் கழற்றிவிட்டு, சைலிட்டால் போட்டுக் கலந்த கேக் மாவை உள்ளே இறக்கினேன். வாசனை ரயில்வே ஜங்ஷன் வரை போனது. ஒரு ரயில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டுப் போனதாகக் கேள்வி!

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதிதாக எது செய்தாலும் முதல் பங்கு வாயில்லாச் சீவனுக்கு. அப்புறம்தான் நாங்கள் வாய் வைப்போம்.

எங்கள் நாய் ஜிம்மியின் தட்டில் ஒரு துண்டு வைத்தேன். தின்பதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். "இரண்டு கிலோ சுகர்ஃப்ரீ கேக்! முதல் ரசிகன் ஜிம்மி!"

அரைமணி நேரம் வந்து விழும் கைதட்டல் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மருமகன்.

"மாமா, நான் அனுப்புனதையா கேக்குல போட்டீக?"

"ஆமா மாப்பிள்ளை! பேக்கரிக்காரன் என் கால்ல விழணும்!"

"ஜிம்மி தின்னுருச்சா?"

"தட்டையும் நக்கிருச்சு!"



"மாமா... அது மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. நாய்க்கு வெசம். ரத்தத்துல இருக்க சீனிய மடமடன்னு இறக்கிரும். பாக்கெட்டுக்குப் பின்னால போட்டுருக்கே, பாக்கலையா?"

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எறும்பு சைஸ் இங்கிலீஷில் ஒரு வரி. நான் முன்பக்கத்துக் கொட்டை எழுத்தோடு படிப்பை முடித்திருந்தேன்.

திரும்பினால் ஜிம்மி என்னிடம் வரப் பார்க்கிறது. பின்னங்கால் இரண்டும் பின்னுகின்றன. நாலு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. வால் மட்டும் ஆடுகிறது.

என் கதைகளில் உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதில் ஒரு கல் உப்புக்கூடச் சேர்க்கவில்லை. ஜிம்மியை வாரித் தூக்கினேன். போனில் மருமகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுங்க மாமா! போற வழில சீனித் தண்ணிய ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திறாதீக, மூச்சடைச்சிரும்!"

சீனி! என் வீட்டில்!

ஆச்சி வீட்டுக் கதவை இடித்தேன்.

"ஆச்சி, சீனி! கொஞ்சம் சீனி குடுங்க!"

"வெள்ளை வெசம்னீகளே?"

"ஜிம்மி சாகக் கிடக்கு ஆச்சி!"

நான் கொடுத்த அதே டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற ஆட்டோவில் என்னோடு ஏறினார். ஜிம்மி தன் வாசலை மிதித்தாலே வாளித் தண்ணீரோடு வரும் மனுசி, அதன் தலையை மடியில் வைத்துச் சீனித் தண்ணீரை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"முழிச்சிரு சாமி... கண்ண மூடாத..."

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"சின்னத் துண்டும்மா."

"கேக் எவ்வளவு பெருசு?"

"ரெண்டு கிலோ." பழக்க தோஷம், தானாக வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, உள்ள போன அளவ வச்சுத்தான் நான் வைத்தியம் பாக்கணும். கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க. இருந்தத சொல்லுங்க."

ஐம்பத்தெட்டு வயதில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

சொன்னேன். கேக் அரைக் கிலோதான். அதில் ஒரு டீ தம்ளர் நிறைய அந்தப் பொடி. முதல் போட்டோ ஆடிப்போனதால் இன்னொரு துண்டும் வைத்தேன். இரண்டையும் சேர்த்தால் கால்வாசிக் கேக். (மேலே உங்களிடமும் அதைச் சொல்லவில்லை. மன்னிக்கவும்.)

"கால்வாசியா?" ஆச்சியின் விரல் அப்படியே நின்றது.

டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். சீனியை வீட்டைவிட்டு விரட்டியவன், அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுத் தாமதமானாலும் எழுந்துபோய்க் குழாயைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டம்மா ஊரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜிம்மியைத் தடவினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது!

நேற்று ராத்திரி ஜிம்மியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்று காலை அது எழுந்து நின்று ஆச்சியைப் பார்த்துக் குரைத்தது. ஆச்சி வாளியை எடுக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பொடி நாயின் கல்லீரலையும் கெடுக்குமாம்; இதுவரை அதற்கு ஒன்றும் இல்லையாம். நாளை இன்னொரு ரத்தப் பரிசோதனை பாக்கி. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

நாய் வளர்க்கிறவர்கள் இதைப் படித்ததும் எழுந்து போங்கள். சுகர்ஃப்ரீ பிஸ்கட்டோ சுவிங்கமோ, வீட்டில் எது இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மீதி முக்கால் கேக்கை என்ன செய்வது என்று வீட்டம்மாவிடம் மெல்லக் கேட்டேன். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை:

"இனி இந்த வீட்டுல முதப் பங்கு உங்களுக்குத்தான். நீக தின்னு ஒரு மணி நேரம் ஆகட்டும். அப்பறமும் ஜிம்மிக்குக் கிடையாது!"