உபவாசம் என்று நினைத்த இருமல்

1. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களின் இரண்டாம் வாரம்: வறட்டு இருமல்.
2. மூன்றாம் வாரம்: மாலைகளில் லேசான காய்ச்சல். விடிந்து பார்த்தால் தலையணை ஈரம்.
3. ஐந்தாம் வாரம்: எடையில் நான்கு கிலோ குறைவு.
4. ஈஸ்டருக்கு மறுநாள்: சளிப் பரிசோதனை. காசநோய்.

முதல் மூன்றுக்கும் நான் வைத்திருந்த விளக்கம் ஒன்றுதான்: உபவாசம். நாற்பது நாளும் பகலில் சாப்பிடவில்லை. ஜெபக் கூட்டத்தில் ஒரு அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "முகத்துல தேவ களை வந்திருக்கு சிஸ்டர்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அது காய்ச்சலின் சிவப்பு.

விமான் நகரில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஏழைகளுக்கு ஊழியம் செய்ய வேண்டுமானால் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்று சுவிசேஷத்தை வாசித்துப் புரிந்துகொண்டேன். ஃபிளாட்டை விட்டு ஏரவாடா குடிசைப் பகுதியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. காலையில் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி, புண்ணுக்குக் கட்டு. பிறகு அலுவலகம்.

எதிர் வீட்டு சவிதா அக்காவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். ஒரு நாள் கட்டுப் போடும்போது இருமினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"மேடம், சாப்பிடாதேன்னு உங்க இயேசு சொன்னார், சரி. இருமவும் சொன்னாரா?" என்றார் இந்தியில்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரர் இப்படித்தான் இருமினார். டாக்டரைப் போய்ப் பாரு."

போனேன், பண்டிகை முடியட்டும் என்று இரண்டு வாரம் கழித்து.

அரசு காசநோய் மையத்தில் டாக்டர் ஆறு மாத மாத்திரைகளை விளக்கினார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். உபவாசம் கூடாது. பிறகு ஒரு தாளை நீட்டினார். "உங்களோடு நெருங்கிப் பழகியவர்களை எழுதுங்கள். எல்லோரையும் சோதிக்க வேண்டும்."

பதினான்கு பெயர்கள் எழுதினேன். நான் தினமும் ஜெபத்தில் சொல்லும் அதே பெயர்கள், அதே வரிசை. முதலில் சவிதா.

மற்ற பதின்மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. சவிதா அக்காவின் சளியில் கிருமி இருந்தது.

"என்னிடமிருந்துதானா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. அவர் கணவரிடமிருந்து வந்து வருடக்கணக்கில் உள்ளே தூங்கியிருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

சவிதா அக்காவின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். முகக்கவசத்துக்குள் அழுததால் பாதி வார்த்தை கேட்டிருக்காது.

"அழுதா மறுபடி இருமல் வரும், உட்காரு" என்றார். "தனியா மாத்திரை முழுங்கணுமேன்னு நினைச்சேன். ஜோடி கிடைச்சாச்சு." அன்று அவர்தான் எனக்குக் கஞ்சி வைத்தார். உப்பு அதிகம். முழுவதும் குடித்தேன்.

இதை வாசிக்கும் நீங்களும் நோயாளிகளோடு இருப்பவரானால், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆவிக்குரிய காரணம் தேடாதீர்கள். முதலில் சளியைச் சோதியுங்கள்.

என் உடம்பை ஒடுக்க வேண்டிய ஒன்றாகவும் என்னுடையதாகவும் மட்டுமே எண்ணியிருந்தேன். நான் விடும் மூச்சைத்தான் எதிர் வீடு இழுக்கிறது என்று இப்போது தெரியும். நாட்களையும் தேதியால் அல்ல, மாத்திரை அட்டையில் காலியான குழிகளால் அறிகிறேன்.

இது நான்காவது மாதம். காலை எட்டு மணிக்கு இருவரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து மாத்திரை போடுகிறோம். என் சளியில் கிருமி இல்லை. அவருடையதில் இன்னும் இருக்கிறது.